மஞ்சள் கட்டங்கள்

எனக்குக் கணினி நிரல் எழுதத் தெரியாது. பதினோரு வருடமாக ஆய்வகங்களில் செல் வளர்க்கிறேன். எந்தத் தட்டில் செல்கள் சௌக்கியமாக இருக்கின்றன, எதில் சாகக் கிடக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். கணினியில் தெரிந்ததெல்லாம் எக்செல். அதிலும் கட்டங்களுக்கு வண்ணம் அடிப்பதில் கெட்டிக்காரி.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு மந்திரவாதி என்று பெயர். போன மாதம் அந்த மனிதர் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகிற போக்கில் ஒரு மென்பொருளைக் காட்டி, "நிரலே வேணாம்க்கா, பட்டனைத் தட்டினா போதும்" என்றார்.

நேற்று தட்டினேன். என் எக்செல்லின் ஆயிரத்து இருநூறு வரிகளை விழுங்கிவிட்டு ஒரு பட்டை வரைபடம் துப்பியது. மருந்து ஊற்றிய தட்டுகளில் புற்றுநோய்ச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்திருந்தன. மூன்று வருடமாக நான் தவம் கிடந்த படம்.

இன்று காலை ஆய்வகத் தலைவி மேடத்திடம் காட்டினேன். "இது போதும். உன்னை இன்னும் ரெண்டு வருஷம் வெச்சுக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு இப்பவே எழுதுறேன்" என்றார். வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் பக்கத்தில் யாரோ பிரேக்கை மிதிக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ ஊர் மாற வேணாமா? குட்டிகிட்ட சொல்லிடவா?"

"சாயங்காலம் நானே சொல்றேன். வாயை மூடிக்கிட்டு இருங்க."

எங்கள் மகள் குட்டிக்குப் பத்து வயது. என் வேலை முடியும்போதெல்லாம் ஊர் மாறி மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். இந்தப் பள்ளியில்தான் முதல்முறையாக ஒரு தோழி கிடைத்திருக்கிறாள்.

மதியம் அட்டவணைக்காக எக்செல்லைத் திறந்தேன். நடுநடுவே மஞ்சள். நான் அடித்த மஞ்சள்தான். தட்டில் செல் வளரும் குழி பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனால் அதன் வரிக்கு மஞ்சள் அடிப்பது என் வழக்கம். கையால் கணக்குப் போடுகிற காலத்தில் கண் தானாக மஞ்சளைத் தாண்டிப் போய்விடும். மென்பொருளுக்கு ஏது கண்? அதற்கு எண் மட்டும்தான் தெரியும். மஞ்சளையும் சேர்த்து எண்ணியிருக்கிறது. மருந்துத் தட்டுகள் இருந்தது, செல்களைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டரின் அடி அடுக்கில். பூஞ்சை வந்ததும் அங்கேதான்.

தொண்ணூற்று நான்கு மஞ்சள் வரிகளையும் ஒவ்வொன்றாக அழித்தேன். வேறு வழி எனக்குத் தெரியாது. மணி நான்கானது. மறுபடி பட்டனைத் தட்டினேன். மருந்து ஊற்றியதன் பட்டையும் ஊற்றாததன் பட்டையும் ஒரே உயரத்தில் நின்றன. இன்னொரு முறை தட்டினேன். அதே படம். அழக்கூடத் தெம்பில்லை.

மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மருந்து வேலை செய்யல மேடம். பூஞ்சைதான் நல்லா வேலை செஞ்சிருக்கு."

சிரிக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் விவரத்தைச் சொன்னேன்.

"கடிதம் அனுப்பிட்டேனே."

"மாத்தி எழுதிடுங்க மேடம்."

"எழுதினா நீ இந்த மாசக் கடைசியோட..."

"தெரியும்."

நடைக்கு வந்து அவசரமாகக் கணவரைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காத. ஸ்கூல் வாசல்ல அவ மூஞ்சியப் பார்த்ததும் தாங்கல. சொல்லிட்டேன். இந்தா, பேசு."

"அம்மா! நிஜமாவா? நாம எங்கயும் போகலையா?"

"வீட்டுக்கு வந்து பேசுறேன்டா கண்ணு" என்றேன்.

அப்பாவுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

"எப்பம்மா போகணும்?"