பங்குக் கிணற்றில் ஒழுகிய இஞ்சின்

குருவிநத்தத்துத் தணிகைவேலுக்கு ஊரில் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, புதுச்சேரிக்குப் போய் பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன் என்பது. பரீட்சை எழுதுகிற இடத்தையே யாரும் பார்த்திராத ஊரில் அது பெரிய படிப்பு. இன்னொன்று, ஆயில் இஞ்சின்.

முப்பத்தேழாம் வருஷம் சித்திரையில், பெண்ணையாறு மணலாய்க் கிடந்தபோது, அந்த இஞ்சினைக் கடலூர்ப் பக்கத்திலிருந்து இரட்டை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். இக்கரையில் பிரெஞ்சு சுங்கச் சேவகன் வண்டியை மூன்று சுற்று சுற்றினான். அவன் கையிலிருந்த அட்டவணையில் புகையிலை இருந்தது, தீப்பெட்டி இருந்தது, இஞ்சின் இல்லை. கடைசியில் "ஆலை ஒன்று, சிறியது, ஓடாதது" என்று எழுதிக்கொண்டு விட்டுவிட்டான். அரசாங்கக் காகிதத்தில் அது இன்றைக்கும் ஓடாமல்தான் இருக்க வேண்டும்.

இஞ்சின் வந்த மறு வாரமே தணிகைவேல் கவலை மாடுகள் இரண்டையும் விற்றான். இனிமேல் தோல் பறியைக் கிணற்றில் இறக்கி மாடு கட்டித் தண்ணீர் இறைப்பது நாகரிகமில்லை என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னான். மூன்று காணி கரும்பு அவனுடையது. அது மாட்டையும் நம்பவில்லை, நாகரிகத்தையும் நம்பவில்லை, தண்ணீரை மட்டும் நம்பி நின்றது.

கிணறு அவனுடையது மட்டுமல்ல. மூன்று பங்கு. ஒரு பங்கு தணிகைவேலுக்கு, ஒரு பங்கு பெரியப்பா மகன் பக்கிரிக்கு, ஒரு பங்கு ஆதிமூலத்துக்கு. எந்த விவகாரத்திலும் கடைசியாகப் பேசினவர் எவரோ, அவர் சொல்வதுதான் சரி என்பார் ஆதிமூலம். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு கல் மேடை உண்டு. அதன்மேல்தான் இஞ்சினை உட்கார வைத்தார்கள். குழாய் மேலே ஏறி வாய்க்காலில் போய்க் கவிழ்ந்தது.

வந்த நாள் வெள்ளிக்கிழமை. தணிகைவேலின் பெண்சாதி தையலம்மாள் படி இறங்கிப் போய்ப் பார்த்தாள். கன்னங்கரேலென்று, வட்டமான வயிறும், இரண்டு பக்கமும் சக்கரமும். வயிற்றுக்கு மேலே கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் எழும்பி, வெயிலில் பளபளத்தது. அதன் நடுவே ஒரு சின்ன ஓட்டை. அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால் அதுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். வாராவாரம் வெள்ளிக்கிழமை அது நடந்தது. பழைய சந்தனத்தை எடுப்பது பாவம் என்பதால் புதியது அதன் மேலேயே ஏறியது.

மூன்று வாரம் இஞ்சின் சொன்ன பேச்சைக் கேட்டது. நான்காம் வாரம் வயிற்று மூடியோரம் ஒரு சொட்டு எண்ணெய் கசிந்தது.

தணிகைவேல் பதறவில்லை. படித்தவன். மூடியைக் கழற்றினான். கசியாமலிருக்க இடையில் கொடுத்திருந்த பாக்கிங் நைந்திருந்தது. பரீட்சைக்கென்று வாங்கிப் பயன்படாமல் போன கனத்த வரைபடத் தாளை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, புது பாக்கிங் போட்டான். அங்கே கசிவு நின்றது. அடுத்த நாள் பின்பக்க மூடியில் ஆரம்பித்தது. அதற்குச் செருப்புத் தோல் வைத்தான். எண்ணெய் சக்கரத்தின் அச்சோரம் வந்தது. அங்கே பருத்தி நூலைச் சோப்பில் புரட்டித் திணித்தான். அது ஒரு மணி நேரம் நுரைத்துவிட்டு மறுபடி ஒழுகியது. வீடு கட்டுகிற மாதிரி சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்து இடித்துப் பூசினான். எறும்பு வந்தது, எண்ணெயும் வந்தது. மரையை முறுக்கினான், இறுகியது. இன்னும் முறுக்கினான், கையோடு வந்துவிட்டது. கடைசியில் பனைமரத்தில் கள்ளுக்குக் கட்டுகிற மாதிரி, ஒழுகும் இடத்துக்கெல்லாம் ஒரு கலயம் கட்டினான். மூன்று மாசத்தில் ஏழு கலயம் தொங்கின.

புருஷன் படுகிற பாட்டைப் பார்த்துத் தையலம்மாளும் சும்மா இருக்கவில்லை. தெய்வக் குற்றமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்த்துக்கொண்டாள். சந்தனம் ஏற ஏற எண்ணெய் ஒழுகியது. எண்ணெய் ஒழுக ஒழுகச் சந்தனம் ஏறியது. புருஷனும் பெண்சாதியும் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியத்தைக் கெடுத்தது கொம்யூன் என்கிற அந்தப் பிரெஞ்சு வட்டாரத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

கலயத்துக்குத் தப்பிய எண்ணெய் கிணற்றில் மிதந்தது. காலையில் தண்ணீர்மேல் மயில் கழுத்து மாதிரி நிறம் ஓடியது. பக்கிரியின் மாடு வாய் வைத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. பக்கிரிக்கு இஞ்சின் வந்த நாள் முதலே வயிற்றில் ஒரு கசிவு இருந்தது. மாடு அதற்கு ஒரு காரணம் கொடுத்தது. ஆதிமூலத்தைக் கூட்டிக்கொண்டு வந்து தீர்ப்பு சொன்னான். வருகிற அமாவாசைக்குள் ஒழுகல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இஞ்சினைக் கயிறு கட்டித் தூக்கிக் கரையில் வைத்துவிட வேண்டும். ஆதிமூலம், கடைசியாகப் பேசினது பக்கிரி என்பதால், சரி என்றார்.

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. மாடு இல்லை. இஞ்சினும் போனால், இடுப்புயரம் வளர்ந்த கரும்பு பத்து நாளில் துடைப்பம் ஆகிவிடும். தணிகைவேல் கரும்பைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் அந்தோணிசாமி ஊருக்கு வந்தான். புதுச்சேரியில் ஒரு நூல் ஆலையில் ஃபிட்டர். சேரிக்காரன். அவன் தகப்பன் தணிகைவேல் வீட்டில் ஏர் ஓட்டினவன். இப்போது தாய் காசம்மாள், ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் கொண்டு வரும்போது கால் பிசகி விழுந்துவிட்டாள் என்று லீவு போட்டு வந்திருந்தான்.

தணிகைவேல் சேரி முனைக்கே போனான். போனபிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. ஆலையில் ஐம்பது இயந்திரத்தைக் கட்டி மேய்க்கிறவனை "வாடா" என்று கூப்பிட்டால் வரமாட்டான். "வாங்க" என்று கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். ஆகவே, ஒரு தடவை வந்தா நல்லாயிருக்கும், பாத்துட்டுச் சொன்னா தேவலை, என்று ஆளே இல்லாத மாதிரி காற்றோடு பேசினான். அந்தோணிசாமியும் சளைத்தவனில்லை. "வர்றங்க" என்றான். "ஐயா" என்பதை மட்டும் மறந்துவிட்டான்.

ஆனால் அவன் கிணற்றில் இறங்குவதற்குப் பங்காளியின் சம்மதம் வேண்டும். தணிகைவேல் பக்கிரியிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தான். கைதேர்ந்தவன், மேடைவரைக்கும்தான் இறங்குவான், தண்ணீரைத் தொடக்கூட மாட்டான் என்றான். பக்கிரி வெற்றிலையை மென்று துப்பினான்.

"எண்ணெ மெதந்தா வடிச்சிக்கலாம், தம்பி," என்றான். "அவன் எறங்கினா இன்னாத்த வச்சி வடிப்ப?"

ஆதிமூலம் தலையாட்டினார்.

ஆகவே வைத்தியம் தூரத்திலிருந்தே நடந்தது. வரப்பில் முப்பதடி தள்ளி அந்தோணிசாமி நின்றான். கிணற்று மேடையில் தணிகைவேல் இருந்தான். இஞ்சின் ஓடியது. அந்தோணிசாமி கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தான். பிறகு நிறுத்தச் சொல்லிவிட்டு, எங்கெங்கே ஒழுகுகிறது என்று கேட்டான். தணிகைவேல் ஏழு இடத்தையும் சொன்னான். ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் வருகிறதா என்று கேட்டான். ஆமாம் என்றதும் அந்தோணிசாமிக்கு முகம் தெளிந்தது.

"மேல ஒரு பித்தளை குமிழு இருக்கும் பாருங்க. நடுவுல ஓட்டை. ஓடசொல்ல அதுல காத்து வருதா?"

"அங்க ஓட்டை இல்ல," என்று கீழேயிருந்து தணிகைவேல் கத்தினான். "பொட்டுதான் இருக்குது."

வரப்பிலிருந்து அடுத்த கேள்வி வந்தது.

"எத்தினி நாளா?"

"வந்ததிலேர்ந்து. நம்ம வூட்டுல வச்சது."

அந்தோணிசாமி சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவன் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்பது முப்பதடி தூரத்தில் தெரியவில்லை. அது நெற்றியில்லை, இஞ்சினின் மூக்கு என்று விளக்கினான். உள்ளே பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் வயிற்றிலுள்ள காற்று அந்த வழியாக வெளியே போக வேண்டும். அதை அடைத்துவிட்டதால், காற்று கிடைத்த சந்துவழியே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. "வாசல்ல பூட்டு போட்டா உள்ள இருக்கறவன் கூரையப் பிரிச்சிதான வெளிய வருவான்," என்றான். மூன்று மாசமாகத் தான் கூரையை மேய்ந்துகொண்டிருந்தது தணிகைவேலுக்கு அப்போதுதான் விளங்கியது.

முள் வாங்கியால் சுரண்டினான். சந்தனம் அடுக்கடுக்காக, எண்ணெயில் ஊறிக் கோந்து மாதிரி வந்தது. ஒரு கைப்பிடி தேறியது. ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தி, குமிழைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினான். பிறகு அந்தோணிசாமி சொல்லச் சொல்ல, தோலையும் நூலையும் சுண்ணாம்பையும் வழித்தெறிந்துவிட்டு, மறுபடி தாள் பாக்கிங்கே போட்டான். போன மரைக்குப் பதிலாக வேறு போட்டு அளவாக முறுக்கினான். ஓட்டினான். குமிழ் புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டது. தணிகைவேலும் மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றுதான் விட்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தையலம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு இறங்கி, வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு நின்றாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக யார் பொட்டை அழித்தது என்று மெதுவாகக் கேட்டாள். மெதுவாகக் கேட்டதுதான் பயமாக இருந்தது. பிஸ்டனைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்று தணிகைவேலுக்குத் தெரியும்.

"தையலு, அது நெத்தி இல்ல, மூக்கு. மூக்குல எவளாவது பொட்டு வப்பாளா?"

அவள் குனிந்து பார்த்தாள். காற்று அவள் முகத்தில் அடித்தது. இதை முதலிலேயே சொல்வதற்கென்ன, நாலு மாசம் நம்மை ஊர் பார்த்துச் சிரித்திருக்குமே என்று அவனையே திட்டிவிட்டு, எண்ணெய்த் தொட்டியின் நெற்றியைத் தேர்ந்தெடுத்து அங்கே வைத்தாள்.

அமாவாசையன்று பக்கிரி புதுத் துண்டு ஒன்றை இஞ்சினுக்குக் கீழே விரித்தான். வெயில் உச்சிக்கு ஏறும்வரை இஞ்சின் ஓடியது. துண்டைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் திருப்பினான். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. கயிறும் ஆளும் தயாராகக் கொண்டுவந்தவனுக்கு அது எவ்வளவு வருத்தமாக இருக்கும். துண்டை மடித்துத் தோளில் போட்டான். பிறகு, கிணறு பங்கு என்றால் கிணற்றுக்குள் இருப்பதும் பங்குதான், தன் கரும்புக்குச் செவ்வாயும் சனியும் இஞ்சின் ஓட வேண்டும் என்றான். ஆதிமூலம் அதுதான் முறை என்றார்.

தணிகைவேல் மறுக்கவில்லை. காலையில் அந்தோணிசாமி புதுச்சேரிக்குப் புறப்படும்போது நடந்ததை மட்டும் பக்கிரியிடம் சொன்னான். ஒரு மூட்டை நெல் எடுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று காற்றிடம் சொல்லிப் பார்த்தானாம். அந்தோணிசாமி வேண்டாமென்றுவிட்டான். அதற்குப் பதில், கிணற்றில் நாங்கள் இறங்க மாட்டோம், ஆனால் குழாய் வாயில் எங்கள் பெண்டுகள் குடம் வைப்பார்கள். அது ஆகாதென்றால் அடுத்த தடவை இஞ்சின் ஒழுகும்போது வேறு ஃபிட்டரைப் பாருங்கள் என்றான்.

பக்கிரி குழாயைப் பார்த்தான். தன் கரும்பைப் பார்த்தான். செவ்வாய்க்கு இரண்டே நாள். அவன் எழுத்துக் கூட்டியும் படிக்காதவன். ஆனாலும் அந்த இடத்தில் நின்றபடியே ஒரு சாஸ்திரம் எழுதினான்.

"இரும்புல பூந்து, நெருப்பால ஏறி வர்ற தண்ணி. நெருப்புக்கு இன்னா தீட்டு?"

இதுவரை அதே நெருப்பில் நாலு மாசம் ஏறின தண்ணீருக்கு அது ஏன் பொருந்தவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஆதிமூலத்துக்கு அது வேதமாகவே பட்டது.

செவ்வாய்க்கிழமை பக்கிரியின் முறை. விடிந்து வெயில் ஏறும் நேரத்தில் காசம்மாள் நொண்டிக்கொண்டே குடத்தோடு வந்தாள். பின்னால் சேரிப் பெண்கள் இன்னும் பதினோரு பேர் குடத்தோடு வந்தார்கள். தன் கரும்புக்குப் போகிற தண்ணீரைக் காவல் காக்க வேண்டியிருந்ததால் பக்கிரி அங்கிருந்து போகவும் முடியவில்லை. குடம் வைப்பதைப் பார்க்காமலிருக்க, முதுகைக் காட்டி நின்று ஒரு பனைமரத்தை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தான். குடம் நிரம்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தோள் ஒரு தடவை குலுங்கியது.

ஏழாவது குடத்தில் பொறுக்காமல் திரும்பி, கரும்புக்குத் தண்ணீர் நிரம்பிவிட்டது, இஞ்சினை நிறுத்து என்று கிணற்றுக்குள் கத்தினான். வாய்க்காலில் தண்ணீர் இன்னும் பாதி வயலைத் தாண்டவில்லை.

மேடையிலிருந்து தணிகைவேல் அண்ணாந்து பார்த்தான். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையென்று காதைத் தொட்டுக் காட்டினான். பிறகு எண்ணெய்த் துணியை எடுத்து, ஒரு துளியும் இல்லாத மூடியை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான். மேலே இன்னும் ஐந்து குடம் இருந்தது.