கதவைப் பார்த்த நாற்காலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஆய்வேட்டிலிருந்து கிடைத்தது. ஆய்வேட்டை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. பத்மாசினி எழுதியது என்பதால் படித்தேன். டெல்மர் ப்ராக் என்ற அமெரிக்க நாவலாசிரியரைப் பற்றியது. (அவரைத் தேடாதீர்கள், நான்தான் உண்டாக்கினேன். பத்மாசினியையும்தான். ஆனால் அவளிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

ப்ராக்கின் எல்லா நாவலிலும் சாப்பாட்டு மேசையருகே ஒரு காலி நாற்காலி கதவைப் பார்த்துக் கிடக்கும். கடவுள் கைவிட்ட வீடு என்று விமர்சகர்கள் அதற்குப் பொருள் சொல்லிவிட்டார்கள். இல்லை, யாரோ வருவார் என்று போட்டது என்பது பத்மாசினியின் கட்சி.

2

முதல் முயற்சி:

"தாத்தா வாசித்த பைபிளிலிருந்தும் மாட்டுச்சந்தை ஏலக் குரலிலிருந்தும் தன் நடையை எடுத்துக்கொண்ட ப்ராக்கைப் போலவே, விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்த ஹரிராமும், மகள் பத்மாசினி கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன் என்றதும், அன்று சாப்பாட்டை நிறுத்தி, மறுநாள் பேச்சை நிறுத்தி, அதற்குப் பிறகு"

மூச்சு முட்டுகிறது. ப்ராக்கின் நீள வாக்கியம் எனக்கு வராது. சுருக்கமாகச் சொல்கிறேன்: அப்பா மகளோடு பேசி நான்கு வருஷமாகிறது. ஒரே வீடு, ஒரே குழம்பு. "அவ சாப்ட்டாளானு கேளு" என்று மனைவி மீனலோசனியிடம் சொல்வதோடு சரி. (வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எனக்கு அது தெரியாததால் தமிழிலேயே கோபித்துக்கொள்ள வைத்திருக்கிறேன்.)

3

1999. ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. அது பொதுவில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மீனலோசனி முறுக்கு டப்பாவோடு முன்வரிசையில் இருந்தாள். பத்மாசினி கதவோர நாற்காலியில் தன் கைப்பையை வைத்து, டவுன் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி, இடம் பிடித்திருந்தாள்.

"அப்பாட்ட சொன்னியாம்மா?"

"சொன்னேன். கடைக்கு இன்னிக்குச் சரக்கு வருதுன்னாரு."

"வரமாட்டேன்னு சொல்லலேல்ல?"

"அப்பிடிச் சொல்லல."

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "உங்க வீட்டு நாற்காலியக் கொண்டுபோயி அமெரிக்காவுல போட்டுட்டீங்கம்மா. அதுல உக்கார யாராவது வந்ததா எந்த நாவல்ல இருக்கு?" (கேட்டது ஆங்கிலத்தில். மொழிபெயர்ப்பில் கொஞ்சம் அன்பு சேர்த்திருக்கிறேன்.)

பத்மாசினிக்குப் பட்டம் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது இன்னொரு பக்கம்.

"எந்த நாவல்லயும் யாரும் வரல சார். ஆனா எந்த நாவல்லயும், கடைசிப் பக்கம் வரைக்கும், அந்த நாற்காலிய அவர் அங்கேருந்து எடுக்கவும் இல்ல."

4

முடிவு ஒன்று: ஹரிராம் வருகிறார், கைதட்டுகிறார். எழுதிப் பார்த்தேன், சினிமா மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: வரவில்லை. அவள் பட்டத்தோடு கைப்பையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். எழுதி முடித்ததும் எனக்கே அழுகை வந்துவிட்டது. கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதாக ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. டீ கொண்டு வருகிறவராகவும் இருக்கலாம் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். இதற்கு மேல் என் பேச்சைக் கேட்கும் நிலையில் அவள் இல்லை. அடுத்த கேள்விக்கான பதிலைப் பாதியில் விட்டுவிட்டு, தேர்வாளர் பார்க்கப் பார்க்க, கதவோரம் போய்க் கைப்பையை எடுக்கிறாள். முந்தானையால் நாற்காலியைத் துடைக்கிறாள்.

யார் என்று நீங்கள்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் உட்கார்ந்து எழுதும் இடத்திலிருந்து கதவு தெரியவில்லை.