ஊற்றுக்குத் திரும்பிய தண்ணீர்

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போன பம்ப் ஆபரேட்டரை, மனைவியின் அண்ணன் உட்காரக்கூட விடவில்லை. "சாப்பாடு எங்க ஓடியா போகுது? முதல்ல என் புள்ளைங்களைப் பாருங்க மாப்ளே" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

மச்சானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளைகள் என்றது மீன்களை. நகரத்தை ஒட்டிய பள்ளத்தில் ஓர் ஊற்றுக்குளம். மச்சான்தான் அதற்குக் காவலாளி. அடிமணலைக் கொப்பளித்துக்கொண்டு நீர் பொங்கும். அதில் விரல்நுனி அளவு மீன்கள், கண்ணாடி உடம்புக்குள் முதுகெலும்பு தெரிகிற மாதிரி, எதிர்நீச்சல் போட்டபடி நிற்கும். வேறெங்கும் அந்த மீனைப் பார்த்தவர் இல்லை.

பிறகு நகரத்தில் தரைக்கடியில் கார் நிறுத்துமிடம் கட்டக் குழி தோண்டினார்கள். குழியில் ஊறும் நீரை இரவு பகலாக இறைத்துச் சாக்கடையில் விடுவது ஆபரேட்டரின் வேலை. குளத்துக்கு ஊறியதும் அதே நிலத்தடி நீர்தான்; குளம் வற்றத் தொடங்கியது.

மச்சான் ஒருநாள் குழிக்கே வந்துவிட்டார். சுவரிலிருந்து வழிந்த நீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு நாளைக்கு நிறுத்தக் கூடாதா மாப்ளே?"

"கீழ ஆளுங்க வேலை செய்றாங்க மச்சான். நிறுத்தினா கழுத்து வரைக்கும் ஏறிடும்."

மச்சான் திரும்பிப் போனார். மனைவியும் வீட்டில் முகம் கொடுக்கவில்லை. தட்டை டக்கென்று வைத்துவிட்டு, "எங்கண்ணன் பாதியாயிட்டார்" என்றாள்.

ஆபரேட்டருக்கு மனசு கேட்கவில்லை. இன்ஜினியரிடம் ஒரு டேங்கர் தண்ணீர் கேட்டார். "சாக்கடைக்குப் போறதுதானே, எடுத்துட்டுப் போய்யா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை லாரி குளத்தங்கரையில் நின்றது. மச்சான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழாயைத் தாமே பிடித்துக்கொண்டார். கடைசிக் குட்டையில் நெருக்கியடித்துக் கிடந்த மீன்கள்மேல் நீர் ஏறியது. "பாருங்க, பாருங்க, துள்ளுதுங்க!" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

துள்ளியது சந்தோஷத்தில் அல்ல. சற்று நேரத்தில் ஒன்று மல்லாந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாமே. ஆபரேட்டர் நீரில் கையை விட்டார். சோப்புத் தண்ணீர் போல வழுக்கியது. கசிவை அடைக்கக் குழிச் சுவரில் ஏற்றிய சிமென்ட்டின் சுண்ணாம்புக் காரம் அதில் கரைந்திருந்தது. அவருடைய விரல்கள் பல மாதங்களாக அந்த நீரில்தான் வெடித்துக் கிடந்தன. அதை அவர் யோசிக்கவே இல்லை.

"மச்சான், நான்..."

"வேணும்னேவா செஞ்சீங்க? விடுங்க."

மச்சான் முழங்காலளவு நீரில் இறங்கி, டீ வடிகட்டியால் மீன்களை அள்ளி வாளியில் போட்டார். கூட இறங்கப்போன ஆபரேட்டரை வேண்டாமென்று கையமர்த்தினார்.

கட்டடம் முடிந்து பம்புகள் நின்றன. ஆனால் நீர் வந்த வழியில் கான்கிரீட் சுவர் நின்றுகொண்டிருந்தது. ஊற்று திரும்பவில்லை. காய்ந்த பள்ளத்துக்குக் காவல் எதற்கென்று மச்சானை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். ஆபரேட்டர்தான் யார் யாரையோ பிடித்து, அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே அவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தார்.

மச்சான் மறுக்கவில்லை. "எங்கயாவது உக்காந்துதானே ஆகணும்" என்றார்.