ஒட்டுத்தாடி

டில்லிப் பள்ளியின் நிதி விழாவுக்குப் பெற்றோரெல்லாம் வேறு மாநிலத்தார் வேஷத்தில் வர வேண்டுமாம். மகளை அப்போதுதான் அங்கே சேர்த்திருந்த தமிழன் பெலிக்ஸ், தலைப்பாகையும் ஒட்டுத்தாடியுமாக சர்தார்ஜி வேஷத்தில் போனான். ஆர்.கே.புரத்து வடக்கத்தியான் ஒருவன் முகமெல்லாம் கரி பூசி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"நான் மதராசி," என்று இளித்தான்.

பெலிக்ஸுக்குக் கண்மண் தெரியவில்லை. மூக்கில் ஓங்கிக் குத்தினான். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து, கரியும் ரத்தமும் குழையக் குழைய அறைந்தான்.

"விடுங்க, பாப்பா பாக்குறா," என்று மனைவி எவாஞ்சலின் கத்தினாள்.

அவனைப் பிடித்துத் தூக்கியவர் நிஜ சர்தார்ஜி, இன்னொரு குழந்தையின் அப்பா. தரையில் கிடந்த ஒட்டுத்தாடியை எடுத்துத் தூசி தட்டினார்.

"பாய் சாப், இது உங்களோடதுதானே," என்று நீட்டினார், தன் தாடியைத் தடவியபடியே.