கொழுந்தனின் மூச்சு

முக்குளிக்க மாட்டும் முகக்கண்ணாடியில் எச்சில் துப்பி, கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கடல்நீரில் அலசினாள் அண்ணி. படகில் எதிரே உட்கார்ந்திருந்த கொழுந்தன் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறான், அலுத்ததில்லை. முக்குளிப்புச் சாமான் கடையில் ரிப்பேர் வேலை அவனுக்கு. பளபளவென்று புதுச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறவர்களை வாரத்தில் ஆறு நாள் பார்க்கிறவன். அண்ணியிடம் இருப்பதோ ரப்பர் பட்டை மாட்டிய பழைய ஈட்டித் துப்பாக்கி, துடுப்புபோல் பாதத்தில் மாட்டிக்கொள்ளும் நீளமான ஒரு ஜோடி ஃபின், இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பட்டை. காற்றுச் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சில் இறங்கி, பாறையோடு பாறையாகக் கிடந்து, வேண்டிய ஒரு மீனை மட்டும் செவுளுக்குப் பின்னால் அடித்துக்கொண்டு வருவாள். ஓட்டல்காரர்கள் அவள் மீனைப் புரட்டிப் பார்க்காமலே வாங்கிக்கொள்வார்கள்.

மீனைக் கண்டுவிட்டால், இன்னும் இருக்கிறது என்று தன் மூச்சு தனக்கே பொய் சொல்லும் என்பாள். அதனால் அவள் தலை மறைந்ததும் கொழுந்தனும் மூச்சைப் பிடிக்க வேண்டும். அவனுக்கு மூச்சு முட்டிக்கொண்டு வரும்போது, அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகிலிருந்து இரண்டு முறை இழுக்க வேண்டும். உடனே அவள் மேலே கிளம்பிவிடுவாள். கடிகாரம் வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை கேட்டான். கடிகாரம் பார்க்கிறவன் கடிகாரத்தைத்தான் பார்ப்பான், மூச்சுப் பிடிக்கிறவன்தான் என்னை நினைப்பான் என்றாள். தினம் ஒரு பெட்டி சிகரெட் ஊதுகிறவனின் மூச்சு அது. கூட்ஸ் வண்டி என்று அவனுக்குப் பேர் வைத்து, விட்டுத்தொலை என்று நாள் தவறாமல் திட்டிக்கொண்டே, நாலு வருஷமாக அந்தக் கட்டை மூச்சை நம்பித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கடல் கலங்கிக் கிடந்து, ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருந்தார்கள். புதுப் பாறை. ஆழம் கூடுதல். அடியில் ஒரு பொந்துக்குள் பெரிய களவா மீன் ஒன்று இருப்பதை முதல் முழுக்கிலேயே பார்த்து வைத்திருந்தாள். இரண்டாம் முறை துப்பாக்கியோடு இறங்கினாள். ஃபின் நுனிகூடச் சத்தம் போடாமல் உள்ளே போயிற்று.

கொழுந்தன் மூச்சைப் பிடித்தான். சுகமாக இருந்தது. நெஞ்சில் கரகரப்பு இல்லை, காதில் இரைச்சல் இல்லை. நம் நெஞ்சா இது என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருந்தவனுக்குச் சட்டென்று உறைத்தது. அண்ணி இந்நேரம் மேலே வந்திருக்க வேண்டும்.

இரண்டு முறை இழுத்தான். பதில் அசைவு இல்லை. எழுந்து நின்று, கை மாற்றிக் கை மாற்றிக் கயிற்றைச் சுருட்டினான்.

உதடு நீலம் பாரித்து மேலே வந்தாள். படகு விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி வெகுநேரம் மூச்சு மட்டும் வாங்கினாள்.

"தூங்கிட்டியாடா?"

"இல்ல அண்ணி. சிகரெட்ட விட்டுட்டேன். நாப்பது நாளாச்சு."

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனையே பார்த்தாள்.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்களே கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன்."

"கண்டுபிடிச்சேன். அடியில இருந்து."

சிரிப்பும் இருமலும் சேர்ந்து வந்தன அவளுக்கு. அவன் கயிற்றைக் கீழே போட்டான். வீட்டுக்குப் போய்விடலாம், இனி இந்தக் கயிற்றைத் தொடமாட்டேன் என்றான். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தண்ணீர்மேல் மல்லாந்து, அரைமணி நேரம் அசையாமல் கிடந்தாள். நிறம் மெல்ல அவள் உதட்டுக்குத் திரும்பியது. இவ்வளவு பட்ட பிறகும் ஒரு மனுஷியால் இப்படிக் கடலை மெத்தையாக்கிக்கொள்ள முடியுமா என்று பயத்துக்கு நடுவிலும் வியந்துகொண்டிருந்தான்.

"அது உள்ளதான் இருக்கு," என்றாள் கடைசியில். "வாய்விட்டு எண்ணு. அறுபதுல இழு."

கவிழ்ந்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. அவன் உரக்க எண்ணத் தொடங்கினான். ஐம்பத்திரண்டு என்றபோது, உள்ளங்கையில் கிடந்த கயிறு அவளோடு இன்னும் கீழ்நோக்கி மெதுவாக நழுவிக்கொண்டிருந்தது.