உள்ளே யாரு?

ரிவர்ஸ் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். பஸ் டிப்போவில் வண்டி ஒதுக்குகிற டிரைவர். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்து நிற்கிற பஸ்ஸைக் கழுவுகிற இடத்துக்கும், டீசல் போடுகிற இடத்துக்கும், அங்கிருந்து வரிசைக்கும் நகர்த்துவதுதான் வேலை. பின்பக்கமாகவே வண்டி ஓட்டிப் பழகிய மனுஷனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்?

அவரிடம் ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எதுக்கு என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் சோறு இறங்காது. வருஷக் கடைசி விடுமுறை தொடங்கியதிலிருந்து அந்த வியாதி முற்றிப்போய், அக்கா மகளைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. அக்கா மகள்தான் அவருடைய வக்கீல்.

"ஏம்மா, பக்கத்து வீட்டு வாசல்ல பார்சல் மழையில நனையுது. எடுத்து உள்ள வெச்சா தப்பா?"

"அவங்ககிட்ட போன்ல சொல்லிட்டு வைங்க மாமா."

"கடையில சட்டையைப் போட்டுப் பார்த்துட்டு, மறந்துபோய் அப்படியே வெளியே வந்துட்டா?"

"வராதீங்க."

"விருந்துல ஒருத்தனுக்கு நாம ஊத்திக் குடுக்கறோம். அவன் போய் எங்கேயாவது இடிச்சா, நம்ம மேலயும் கேஸ் வருமா?"

"வரலாம். நீங்க யாருக்கும் ஊத்தவும் வேண்டாம், ஊத்திக்கவும் வேண்டாம். கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, போதும்!"

அவள் சிடுசிடுப்பதிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் இதே விடுமுறையில் டிப்போவில் விருந்து. ரிவர்ஸ் கொஞ்சம் குடித்திருந்தார். வழியில் ஒரு பஸ் நின்றது, சாவி அதிலேயே தொங்கியது. டிப்போவில் சாவி தொங்கினால் யார் வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று அர்த்தம். ஆனால் ஒரு பழக்கம் உண்டு. சீட்டில் உட்கார்ந்து, சாவியில் கை வைத்து, திருப்பும் முன்னால் "உள்ளே யாரு?" என்று உரக்கக் கேட்க வேண்டும். கடைசி சீட்டில் யாராவது அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அத்தனை வருஷ சர்வீஸில் அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் கேட்கவில்லை. பஸ் தூணில் மோதியது. கடைசி சீட்டில் படுத்திருந்த க்ளீனர் உருண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டான்.

கோர்ட்டில் லைசென்ஸைப் பிடுங்கவில்லை. ஒரு வருஷத்துக்கு எந்தப் புகாரும் வரக்கூடாது, வந்தால் லைசென்ஸ் ரத்து என்று சொல்லி விட்டார்கள். அந்த வருஷம் இந்த விடுமுறையோடு முடிகிறது. லைசென்ஸ் போனால் வேலை போச்சு. ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாத கை அது.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவள் முளையிலேயே கிள்ளிவிட்டாள். "அந்தக் க்ளீனரை ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"கூடவே கூடாது. மன்னிப்புன்னு வாயைத் திறந்தீங்க, நாளைக்கு அவன் நஷ்டஈடு கேஸ் போட்டா அதுவே சாட்சி. அவனே இப்போ வேற டிப்போவுக்குப் போயிட்டான். கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பாதீங்க."

வாயை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே ஒரு வருஷத்தையும் ஓட்டிவிட்டார்.

விடுமுறையின் கடைசி நாள் அக்கா வீட்டில் விருந்து. வீடு கொள்ளாத சத்தம். ரிவர்ஸ் எலுமிச்சை ஜூஸும் கையுமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தான் நல்ல குஷியில் இருந்தார். ஐஸ் தீர்ந்துபோனதும் தன் கார் சாவியைத் தேடினார். அது ஏற்கெனவே மகளின் கைப்பைக்குள் போயிருந்தது.

"குடிச்சிட்டு நீங்க ஓட்ட வேண்டாம்ப்பா. நான் போறேன்" என்று அவள் செருப்பைத் தேடப் போனாள்.

அத்தான் வாசல் கதவைத் திறந்துவிட்டுக் கத்தினார். "எவன்டா இங்க நிறுத்தினது?"

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார். ஆள் இல்லை. ரிவர்ஸுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. எழுந்து போய்ச் சுற்றிச் சுற்றி வந்தார். முன் சக்கரம் கோணலாக நின்றது. யாரோ அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். டிரைவர் சீட் ஸ்டியரிங்கோடு ஒட்டிக் கிடந்தது, குள்ளமான ஆள். பின்னால் கலர் கலராகப் பரிசுப் பெட்டிகள், மேலே ஒரு போர்வை. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இவ்வளவு சாமானையும் திறந்து போட்டுவிட்டு ஒருத்தர் எங்கே ஓடியிருப்பார்? எதுக்காக?

அப்போதுதான் சாவியைப் பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன வேடிக்கை? வண்டி நகர்த்தறதுதானே உன் பொழப்பு?" என்றார் அத்தான். "ரெண்டு அடி தள்ளி விடேன்."

"வேண்டாம் அத்தான். ஊரான் வண்டி."

சொன்னது வாய்தான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? வழியை மறித்து வண்டி, அதில் சாவி. மனசு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை கதவைத் திறந்துவிட்டது. உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார். தன் பழக்கத்தில் தொண்டையும் திறந்துகொண்டது.

"உள்ளே யாரு?"

"நான்" என்றது பின்சீட்டு.

ரிவர்ஸுக்கு உயிரே போய்விட்டது. போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் தூக்கக் கலக்கத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"நான்னா... யாரும்மா?"

"நான்தான். நீங்க யாரு?"

"நான் வண்டி ஒதுக்கறவன்."

"எதுக்கு ஒதுக்கணும்?"

தன் வியாதியே உருவெடுத்து வந்து கேட்கிறது! கையைச் சாவியிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டு இறங்கினார். அப்படியே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர் மாடிவீட்டிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள். பிள்ளை தூங்குகிறதே, ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று போனவள். திறந்த கதவையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளையும் பார்த்தாளோ இல்லையோ, தெருவே கூடுகிற மாதிரி அலறினாள். விடுமுறை என்று தெருமுனையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார். அத்தான் மெல்ல வீட்டுக்குள் நழுவினார்.

அக்கா மகள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். "மாமா, வாயைத் திறக்காதீங்க!"

"ஊதுய்யா" என்றார் போலீஸ்காரர். ரிவர்ஸ் ஊதினார். கருவியில் ஒன்றும் காட்டவில்லை. "சரி, அடுத்தவங்க வண்டியில என்ன வேலை?"

"வழியில நின்னுது, நகர்த்தலாம்னு ஏறினேன். என் தப்புதான்."

"மாமா!"

"இவரு சாவியைத் தொட்டாரு" என்றாள் சின்னப் பெண். "உள்ளே யாருன்னு கேட்டாரு. நான்னு சொன்னேன், இறங்கிட்டாரு."

தாய் பிள்ளையை இறுக்கிக்கொண்டு ரிவர்ஸையே பார்த்தாள். "ஆள் இல்லைன்னு நெனச்சுத்தானே ஏறினீங்க? அப்புறம் யாரைக் கேட்டீங்க?"

வருஷமெல்லாம் கேள்வி கேட்ட மனுஷன் இப்போது பதில் சொல்ல வேண்டியிருந்தது. வக்கீல் கண்ணால் எரித்தாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. குடித்தது, கேட்காமல் எடுத்தது, தூண், முறிந்த கை, லைசென்ஸ் தொங்கலில் கிடப்பது என்று எல்லாவற்றையும் போலீஸ்காரர் எதிரிலேயே கொட்டினார். கொட்டி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார்.

"புகார் குடுக்கறீங்களாம்மா?" என்றார் போலீஸ்காரர்.

அவள் சாவியைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"வேண்டாம் சார். சாவியோட பிள்ளையை விட்டுட்டுப் போனவ நான். வேற எவனாவது ஏறியிருந்தா கேட்டிருப்பானா?"

காரும் போனது, கூட்டமும் கலைந்தது. அக்கா மகள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "உங்களைக் கட்டி மேய்க்க என்னால ஆகாது மாமா! தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. தெரியுதா?"

"தெரியுதும்மா. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க, கேட்டுத் தொலைங்க."

"கேட்டதும் அந்தப் பிள்ளை பதில் சொல்லிச்சு பாரு. அன்னைக்கு நான் கேட்டிருந்தா அந்தக் க்ளீனரும் சொல்லியிருப்பான். இதை அவன்கிட்டயே போய்ச் சொன்னா, சட்டப்படி தப்பா?"

அவளுக்குக் கோபம் சட்டென்று இறங்கிப்போனது. "கேஸ் போட்டுட்டான்னா?"

"போட்டா போடட்டும்மா. முறிஞ்சது அவன் கை."

அவள் உள்ளே போய் இன்னொரு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தாள். அப்பாவின் காரில் ஏறி உட்கார்ந்தாள். "ஐஸ் வாங்கத்தானே போறே?" என்று அத்தான் ஜன்னல் வழியாகக் கத்தினார். அவள் இந்தப் பக்கக் கதவை எட்டித் திறந்துவிட்டாள்.

ரிவர்ஸ் குனிந்தார். ஏறும் முன் வாய் தானாகக் கேட்டது.

"உள்ளே யாரு?"

"நான்தான் மாமா. ஏறுங்க. அவர் வீடு எங்கே?"