மாற்றிவிட்ட கெண்டைகள்

கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவி வைக்கோல் போருக்குள் திணித்துவிட்டு, ஞானசௌந்தரி வாசலுக்கு வந்தாள். அங்கே மாமனார் மருதையனைக் கிடத்தியிருந்தார்கள். இரண்டு நாள் வாந்தி. விடிகிற நேரத்தில் அடங்கிவிட்டார்.

கொல்லைக் கிணற்றில் மீன் விட்டவரே அவர்தான். கிணற்றை ஒட்டியிருந்த அடுத்தவர் வயலில் புதிதாக வந்த பூச்சிமருந்தை அடிக்கத் தொடங்கியபோது மூன்று கெண்டைகளை விட்டார். "மீனு நீந்துற வரைக்கும் பயமில்லாம குடிக்கலாம் தாயி" என்பார்.

போன வாரம் ஒரு காலையில் மூன்று கெண்டைகளும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. கல்யாணமாகி அவள் வந்த மாதமே பசு செத்தது. "இவ காலெடுத்து வச்ச ராசி" என்று மாமியார் கமலாம்பாள் இன்னும் ஓயவில்லை. மீனும் செத்தது தெரிந்தால்? யாரும் எழுவதற்குள் அள்ளிப் புதைத்தாள். வாய்க்காலில் வேறு மூன்றைப் பிடித்து விட்டாள். அவையும் செத்தன. மறுபடி மாற்றினாள். நேற்று சாயங்காலம், அவர் படுத்த பிறகும் மாற்றினாள். ராசி ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது.

காலையில் வந்த கம்பவுண்டர் அம்பலவாணன் கிணற்றை எட்டிப் பார்த்தார். "மீனு துள்ளுதே. தண்ணியில ஒண்ணுமில்ல. வயசான ஒடம்பு, தாங்கல" என்றார். செத்த மீன்கள் எதைச் சொல்லின என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது; நேரே ராட்டினத்துக்கு நடந்தாள்.

"எழவு வீட்டுக் கயித்தக்கூட விட்டு வைக்க மாட்டானுவ போலருக்கு. இருங்க, எங்க வீட்டுக் கயித்த எடுத்தாரேன்" என்று பக்கத்து வீட்டு அன்னபூரணி ஓடினாள்.

ஞானசௌந்தரி மாமியாரின் அருகில் குனிந்தாள். "அத்தே, அந்தத் தண்ணி வேணாம். மீன நாந்தான்..."

கமலாம்பாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இதுவரை அவளைத் தொட்டதே இல்லை. "ஒங்கையால ஒரு வா தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுல்ல போனாரு எம் மவளே" என்று கதறினாள். சுற்றியிருந்த பெண்களின் ஒப்பாரி மேலெழுந்தது. மீதியைச் சொன்னாளா என்பது அவளுக்கே கேட்கவில்லை.

கிணற்றில் இறைத்து வந்த அன்னபூரணி செம்பை நீட்டினாள். "ஒன் மாமியாளுக்கு நீயே குடு. நீ குடுத்தாதான் குடிப்பா."

கமலாம்பாள் கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் குவித்தாள்.

ஞானசௌந்தரி செம்பைத் தன் வாய்க்குத் தூக்கினாள். அடிச்சொட்டு வரை நிறுத்தாமல் குடித்தாள்.

"பாவம், என்னா தாகம் புள்ளைக்கு" என்று அன்னபூரணி வெறும் செம்பை வாங்கிக்கொண்டு மறுபடி கொல்லைக் கிணற்றுக்கு நடந்தாள்.

கமலாம்பாளின் கைகள் குவிந்தபடியே இருந்தன.